ஓடுற மிஷினும் உதறுற ஸ்டாண்டும்: பட்டறையில அடிக்கடி கேக்குற கேள்விகள்

புதுவயல் ரைஸ் மில்லு, காரைக்குடியில மசாலா அரைக்கிற யூனிட்டு, தேவகோட்டை பக்கம் எண்ணெய் மில்லு, எங்க போனாலும் ஸ்டாண்டு ஆடுறதைப் பத்தி இதே சந்தேகங்களைத்தான் கேக்குறாங்க. அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி, தெரிஞ்ச பதிலையும் சேர்த்து வச்சுட்டேன். மேலேர்ந்து வரிசையா படிச்சா நல்லது, கீழ வர்ற பதில் எல்லாம் மேல சொன்னதைப் புடிச்சுத்தான் போகும்.

அண்ணே, ப்ளோயர் புதுசு, மோட்டார் புதுசு, ஸ்டாண்டு மட்டும் ஏன் இப்படி உதறுது?

சுத்துற எதுவும் நூத்துக்கு நூறு பேலன்ஸா இருக்காது. இம்பெல்லர்ல, அதாவது ப்ளோயருக்குள்ள சுத்துற இறக்கைச் சக்கரத்துல, ஒரு பக்கம் 50 கிராம் மசாலாத் தூசி ஒட்டியிருக்குன்னு வச்சுக்குங்க, மையத்துல இருந்து 30 செ.மீ. தள்ளி. 1440 ஆர்.பி.எம்.ல ஓடும்போது அந்த 50 கிராம் ஏறக்குறைய 35 கிலோ வெயிட்டு இழுக்கிற அளவுக்கு இழுக்கும், அதுவும் செகண்டுக்கு 24 தடவை திசை மாத்தி மாத்தி. ஸ்பீடு டபுள் ஆனா இழுப்பு நாலு மடங்கு, அதாவது 2880-ல கிட்டத்தட்ட 140 கிலோ.

இந்த உதை எல்லா மிஷின்லயும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதை மட்டும் வச்சு ஸ்டாண்டு இந்த ஆட்டம் ஆடாது. ஸ்டாண்டுக்குன்னு சொந்தமா ஒரு தாளம் இருக்கு, தட்டிவிட்டா அது தானா ஆடி அடங்குற வேகம், அதுக்குப் பேரு இயல்பு அதிர்வெண். ஊரணியில தண்ணி மொண்டு குடத்தை இடுப்புல வச்சு நடக்கும்போது நம்ம நடையும் உள்ள இருக்குற தண்ணியும் ஒரே தாளத்துல சேர்ந்துட்டா தளும்பி வெளிய கொட்டும், நடையைக் கொஞ்சம் மாத்துனா அடங்கிடும்ல, அதே கதைதான் இங்கயும். மிஷினோட உதையும் ஸ்டாண்டோட தாளமும் சேர்றதைத்தான் ரெசொனன்ஸ்னு சொல்றோம். வெல்டு பண்ணின இரும்பு ஸ்டாண்டுல ஆட்டத்தை உறிஞ்சி அடக்குற குணம் ரொம்பக் கம்மி. அது ஒரு சதவீதம்தான்னா, ரெண்டும் சரியா சேர்ற இடத்துல ஆட்டம் அம்பது மடங்கு வரைக்கும் பெருகும்.

இது ரெசொனன்ஸ்தான்னு எப்படி உறுதியா சொல்றது? வெறும் பேலன்ஸ் கோளாறா இருக்கலாமே?

சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு ஸ்டாண்டு மேல கவனத்தை வைங்க. வேகம் குறையக் குறைய ஆட்டமும் மெதுவா குறைஞ்சுக்கிட்டே வந்தா பேலன்ஸ் கோளாறா இருக்க வாய்ப்பு அதிகம். ஆஃப் பண்ணின ரெண்டு மூணு செகண்டுலயே ஆட்டம் சட்டுனு செத்துட்டா, மிஷின் அதுவரைக்கும் ரெசொனன்ஸ் மேலயே ஓடிக்கிட்டு இருந்திருக்கு. நடுவுல ஒரு இடத்துல மட்டும் திடீர்னு குதிச்சு அப்புறம் அடங்குதுன்னா ஸ்டாண்டோட அதிர்வெண் ஓடுற வேகத்துக்குக் கீழ இருக்குன்னு அர்த்தம். இந்த கடைசி விஷயத்தை மறந்துடாதீங்க, பின்னால வரும்.

இன்னொரு அடையாளம் திசை. அதிர்வு மீட்டரை வச்சா பேரிங் மேல மேலும் கீழுமா 2 மி.மீ./செகண்டு காட்டுது, பக்கவாட்டுல 10 காட்டுதுன்னா, அந்தப் பக்கவாட்டுல ஸ்டாண்டு இளகலா இருக்கு. பேலன்ஸ் மட்டும் கோளாறுன்னா ரெண்டு பக்கமும் இவ்வளவு வித்தியாசம் சாதாரணமா வராது.

நம்ம மிஷின் எத்தனை ஹெர்ட்ஸ்ல உதைக்குதுன்னு எப்படி பாக்குறது?

ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு எத்தனை தடவைங்கிறது, ஆர்.பி.எம்.ஐ 60-ஆல வகுத்தா அது கிடைக்கும். நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுல நாலு போல் (காந்த முனை) மோட்டார் சுமார் 1440 ஓடும், அது 24 ஹெர்ட்ஸ். ரெண்டு போல் 2880, 48 ஹெர்ட்ஸ். ஆறு போல் 960, 16 ஹெர்ட்ஸ். ஆனா மோட்டார் பெயர்ப்பலகையை மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, பெல்ட்டு டிரைவ்னா புல்லி சைஸை வச்சு ஓடுற ஷாஃப்டோட வேகத்தையும் தனியா கணக்கு போடணும். 1440 மோட்டார்ல 6 இன்ச் புல்லி, ப்ளோயர்ல 4 இன்ச் புல்லின்னா ப்ளோயர் 2160, அதாவது 36 ஹெர்ட்ஸ். இப்ப அந்த ஸ்டாண்டு மேல 24, 36 ரெண்டு உதையும் இருக்கு.

இது போக அலைன்மென்ட் சரியில்லைன்னா, அதாவது ரெண்டு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டுல இல்லைன்னா, வேகத்தைப் போல ரெண்டு மடங்குல ஒரு உதை வரும். ஃபேன்னா இறக்கை எண்ணிக்கையை வேகத்தால பெருக்கின இடத்துல ஒண்ணு வரும். மோட்டாரோட கரண்டு சம்பந்தப்பட்டது 100 ஹெர்ட்ஸ்ல வரும். எல்லாத்துக்கும் ஸ்டாண்டைத் தள்ளி வைக்க முடியாது, ஓடுற வேகத்துக்கும் அதோட ரெண்டு மடங்குக்கும் முதல் மரியாதை குடுங்க.

ஸ்டாண்டோட அதிர்வெண்ணை எங்க போய் பாக்குறது, அதுக்கு பெரிய மீட்டர் வேணுமா?

வேணாம். மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி யாரும் போட்டுடாதபடி பூட்டிட்டு, மிஷின் ஸ்டாண்டு மேலயே இருக்கும்போது, ஒரு மரச்சுத்தியலால மேல் பிரேம்ல பக்கவாட்டா ஒரு தட்டு தட்டுங்க. போனை மேல் பிளேட்டுல இறுக்கமா டேப் போட்டு ஒட்டி, ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு, ஜெர்மனி ஆகென் யூனிவர்சிட்டி ஆளுங்க செஞ்சது, அதுல ஆக்சிலரேஷன் ஸ்பெக்ட்ரம் போட்டா எந்த ஹெர்ட்ஸ்ல கோபுரம் மாதிரி எழும்புதுன்னு காட்டும். நீளவாக்குல, அகலவாக்குல, மேலிருந்து கீழ, மூணையும் தனித்தனியா தட்டிப் பாருங்க, மூணும் வேற வேற நம்பரா வரும். போன் செகண்டுக்கு எத்தனை தடவை அளக்குதோ அதுல பாதி வரைக்கும்தான் நம்பலாம், 200 தடவைன்னா 100 ஹெர்ட்ஸ் வரைக்கும்.

செய்யறதுக்கு முன்னாடியே தெரியணும்னா ஒரு சின்ன கணக்கு இருக்கு. மிஷின் வெயிட்டுல பிரேம் எத்தனை மி.மீ. இறங்குதோ அதோட வர்க்கமூலத்தால 946-ஐ வகுத்தா அதிர்வெண் ஆர்.பி.எம்.ல கிடைச்சிடும். 1 மி.மீ. இறங்கினா 946, கால் மி.மீ. இறங்கினா 1892. பக்கவாட்டுக்கும் இதே கணக்குதான். மிஷின் 200 கிலோன்னா, தராசு மாட்டி 50 கிலோவால பக்கவாட்டா இழுத்து, டயல் கேஜ்ல வர்றதை நாலால பெருக்கி அதை அந்த மி.மீ.க்குப் பதிலா போடுங்க. டயல் கேஜை ஸ்டாண்டுல மாட்டாம தனியா ஒரு தூண்லயோ சுவத்துலயோ மாட்டுங்க, இல்லன்னா கேஜும் சேர்ந்து நகரும்.

ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி விட்டா போதும்?

20 சதவீதம்னு நிறைய பேரு சொல்றாங்க, எனக்கு அது பத்தாது. ஸ்டாண்டோட அதிர்வெண் ஓடுற வேகத்தைவிட 1.2 மடங்குல இருந்தா ஆட்டம் இன்னும் மூணு மடங்குக்கு மேல பெருகும், 1.4-ல ரெண்டு மடங்கு, 2-ல வெறும் 1.33. விறைப்பா கட்டுறோம்னு முடிவு பண்ணிட்டா குறைஞ்சது 1.4 வச்சுக்குங்க, முடிஞ்சா இன்னும் கூட்டுங்க, ஆனா மேல சொன்ன ரெண்டு மடங்கு உதை மேல சரியா போய் உக்காராம பாத்துக்குங்க. 1440-க்கு 1.4-ன்னா மேல சொன்ன கணக்குப்படி 0.22 மி.மீ.க்கு மேல இறங்கக்கூடாது, 2880-க்கு 0.055-தான். ஸ்பீடு ஏறினா எவ்வளவு கறாரா கட்டணும்னு இதுலயே தெரியும்.

75 மி.மீ. சேனலை (ப வடிவ இரும்பு) எடுத்துட்டு 100 சேனல் போட்டாச்சு, இன்னும் ஆடுது. இன்னும் கனமா போடணுமா?

இங்கதான் நம்ம பக்கம் ரொம்ப இரும்பு வீணாப் போகுது. தாங்குறது வேற, வளையாம நிக்கிறது வேற. உங்க ஸ்டாண்டு மேல யானையையே ஏத்தலாம், ஒடியாது, ஆனா செகண்டுக்கு 24 தடவை உதைச்சா தலை ஆடும். நமக்கு வேண்டியது விறைப்பு, அது இரும்போட எடையில இருந்து வர்றதைவிட எந்த இடத்துல எந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்கோம்ங்கிறதுல இருந்துதான் அதிகமா வருது.

100 சேனலையே எடுத்துக்குங்க. வலுவான பக்கமா வளைச்சா இருக்குற விறைப்புல ஏழுல ஒரு பங்குதான் மறுபக்கமா வளைச்சா இருக்கும். நாலு காலையும் ஒரே திசையில திருப்பி நிறுத்தியிருந்தா ஒரு பக்கம் கல்லு மாதிரி நிக்கும், இன்னொரு பக்கம் கையால தள்ளினாலே அசையும், ரெண்டாவது கேள்வியில சொன்ன 2-க்கும் 10-க்கும் வித்தியாசம் பெரும்பாலும் இப்படித்தான் வருது.

அடுத்தது உயரம். காலோட உயரம் பாதியானா விறைப்பு எட்டு மடங்கு, அதிர்வெண் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. பாதியெல்லாம் குறைக்க முடியாதுன்னாலும், 1.2 மீட்டரை 0.9 ஆக்கினாலே விறைப்பு 2.4 மடங்கு, அதிர்வெண் ஒன்றரை மடங்கு கூடிடும், ஒரு கிலோ இரும்பு கூட வாங்காம. கழிவுத் தொட்டி கீழ வரணும், சாக்கு வைக்கணும்னு ஸ்டாண்டை உயர்த்திக்கிட்டே போறவங்க முதல்ல அந்த உயரம் நிசமாவே வேணுமான்னு யோசிங்க, அந்த இடத்துல சிமெண்ட் மேடை கட்டி அது மேல குட்டையா ஸ்டாண்டு வைக்கலாமான்னும் பாருங்க. மூணாவது, குறுக்கு சப்போர்ட். அதைக் கீழ தனியா சொல்றேன்.

நல்ல கிரேடு ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் போட்டா சரியாகுமா?

ஆகாது. சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஆனாலும் விலை கூடின ஸ்டீல் ஆனாலும் விறைப்புல பெரிய வித்தியாசமே கிடையாது, கூடுறது ஒடியாம தாங்குற சக்தி மட்டும்தான். அலுமினியம் இரும்புல மூணுல ஒரு பங்கு விறைப்பு. சாப்பாட்டு மசாலா யூனிட்டுக்கு சுத்தம் கருதி ஸ்டெயின்லெஸ் வேணும்னா தாராளமா போடுங்க, ஆட்டத்துக்காகப் போடாதீங்க.

ஆங்கிளா, சேனலா, பாக்ஸ் பைப்பா?

மேல் பிரேமுக்கு பாக்ஸ் பைப். 50-க்கு 50, 3 மி.மீ. பாக்ஸ் பைப்பை நீளவாக்குல ஒரே ஒரு கோடு அறுத்துவிட்டுட்டு முறுக்கிப் பாருங்க, இரும்பு எடை அப்படியே இருக்கும், முறுக்கைத் தாங்குற விறைப்பு நூத்துல ஒரு பங்குக்கும் கீழ போயிடும். மூடின வடிவத்துக்கு அவ்வளவு சக்தி. மோட்டாரும் ப்ளோயரும் பெல்ட்டால ஒண்ணை ஒண்ணு இழுக்கும்போது பிரேம் முறுக்குலதான் அவதிப்படும். கையில சேனல்தான் இருக்குன்னா ரெண்டு சேனலை முகத்தோட முகம் சேர்த்து பெட்டியா வெல்டு பண்ணிக்குங்க. விட்டு விட்டுத் தைச்சாலும் பரவாயில்ல, ஆனா இடைவெளி நீளமா விடாதீங்க.

குறுக்கு சப்போர்ட் எப்படி போடுறது, நாலு பக்கமும் அடைச்சா கை விட முடியாதே?

காலோட மேல் மூலையில இருந்து பக்கத்துக் காலோட அடி மூலைக்கு ஒரு ஆங்கிள். முக்கோணம் ஆயிட்டா அந்தப் பக்கம் கால் வளையறது நின்னு ஆங்கிள் நீளவாக்குல இழுபடுது, இரும்பு வளையறதுக்கு லேசா வளையும், நீளவாக்குல இழுத்தா அவ்வளவு லேசுல கொடுக்காது. அதான் மொத்த சூட்சமமும். மூலையைத் தொடணும், காலோட நடுவுல கொண்டுபோய் ஒட்டினா அந்த இடத்துல காலே வளைஞ்சு குடுத்துடும், பாதி பலன் கூட வராது. சாய்வு 45 டிகிரி பக்கமா இருக்கட்டும். மெல்லிசான ரவுண்டு கம்பி இழுக்கும், தள்ளாது, அதனால கம்பின்னா எக்ஸ் மாதிரி ரெண்டு போட்டு இறுக்கணும்.

நாலு பக்கமும் வேணும்னு இல்ல, அடுத்தடுத்த ரெண்டு பக்கத்துக்கு மேல ஒண்ணு சேர்த்து மூணு பக்கம் போட்டாலே ரெண்டு திசையும் முறுக்கும் சேர்ந்து அடங்கும், நாலாவது பக்கம் திறந்தே இருக்கட்டும். அதுலயும் மேல் மூலையில 8 மி.மீ. பிளேட்டுல ஒரு அடிக்கு ஒரு அடி குஸெட் (மூலையை இறுக்குற முக்கோணப் பிளேட்டு) வச்சா நல்லது.

பேஸ் பிளேட்டு போல்ட்டு எல்லாம் இறுக்கித்தான் இருக்கு, அதுலயும் பாக்கணுமா?

கட்டாயம். ஒரு போல்ட்டை மட்டும் இளக்கி, அந்தக் காலடியில டயல் கேஜ் வச்சுப் பாருங்க. 0.05 மி.மீ.க்கு மேல எழும்பினா அந்தக் கால் தரையில உக்காரவே இல்ல, போல்ட்டு இழுத்துப் புடிச்சதாலதான் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு, ஷிம் (மெல்லிசான தகடு) வச்சு நிரப்பணும். பிளேட்டுக்கு அடியில சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்புற சிமெண்ட் கலவை) முழுசா போகணும், ஓரத்துல மட்டும் பூசி விட்டுட்டா உள்ள காத்துதான் இருக்கும்.

நம்ம ஊருப் பழைய கட்டடத்துல இன்னொரு விஷயம் இருக்கு. ஆத்தங்குடி கல்லு (தரையில பதிக்கிற பூ டைல்) மேல அப்படியே ஓட்டை போட்டு ஆங்கர் போல்ட்டு அடிச்சிடுறாங்க. கல்லுக்கு அடியில பல இடத்துல சுண்ணாம்புக் கலவைதான் இருக்கும், அது போல்ட்டைப் பிடிக்காது. கல்லைப் பதமா எடுத்துட்டு, தோண்டி, கான்கிரீட் போட்டு அதுல போல்ட்டு வைங்க. சுத்துற மிஷினுக்கு கான்கிரீட் கட்டை மிஷினைப் போல மூணு மடங்கு எடை இருந்தா நல்லதுன்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, ஆரம்பத்துக்கு அது போதும்.

ரப்பர் ஷீட் வச்சா போதும்னு கடைக்காரர் சொல்றாரு, வைக்கலாமா?

ரப்பர் வைக்கிறது வேற வழி, விறைப்புக்கு நேர் எதிர் வழி. அங்க அதிர்வெண்ணை வேகத்துக்கு ரொம்பக் கீழ கொண்டுபோறோம், மூணுல ஒரு பங்குக்கு. 1440 மிஷினுக்கு 480-க்கு கொண்டுபோகணும்னா ரப்பர் வெயிட்டுல கிட்டத்தட்ட 4 மி.மீ. அமுங்கணும். 6 மி.மீ. ரப்பர் ஷீட் எங்க 4 மி.மீ. அமுங்கும்? கால் அரை மி.மீ. அமுங்கும். அதைக் கணக்குல போட்டுப் பாருங்க, 1300-ல இருந்து 1900-க்குள்ள வருது, நேரா போய் 1440-ஐ ஒட்டி உக்காருது. சும்மா இருந்த ஸ்டாண்டை நாமளே ரெசொனன்ஸுக்குள்ள தள்ளிவிட்ட மாதிரி ஆயிடும். ஸ்பிரிங் மவுண்டோ சரியான ரப்பர் மவுண்டோ வெயிட்டைச் சொல்லி வாங்குங்க, அதுக்கு மேல இருக்குற பிரேம் அப்பவும் விறைப்பா இருக்கணும்.

சப்போர்ட் அடிச்ச பிறகு ஆட்டம் இன்னும் கூடிடுச்சே, அது எப்படி?

ஸ்டாண்டு முன்னாடி 19 ஹெர்ட்ஸ்ல இருந்திருக்கும், மிஷின் 24-ல ஓடியிருக்கும். ரெண்டாவது பதில்ல சொன்னேன்ல, ஆஃப் பண்ணும்போது நடுவுல குதிச்சா அதிர்வெண் கீழ இருக்குன்னு, அந்தக் கேஸு இது. அரைகுறையா ஒரு சப்போர்ட் அடிச்சதும் 19 ஏறி 23, 24-க்கு வந்து சேர்ந்துடுச்சு. அடிச்ச சப்போர்ட்டைக் கழட்டச் சொல்லாதீங்க, இன்னும் போட்டு 34-க்கு மேல தாண்ட வைங்க. அதிர்வெண் டபுள் ஆகணும்னா விறைப்பு நாலு மடங்கு ஆகணும்ங்கிறதையும் மனசுல வச்சுக்குங்க, சும்மா ஒரு பட்டை அடிச்சா போதாது.

காலையில நல்லா ஓடுது, ஹாப்பர் நிறைஞ்சதும் ஆட ஆரம்பிக்குது. பேய் புடிச்ச மாதிரி இருக்கு சார்.

எடை கூடினா அதிர்வெண் இறங்கும். காலியா இருக்கும்போது ஹாப்பரோட சேர்த்து 400 கிலோ, நெல்லு நிறைஞ்சா 800 கிலோன்னா அதிர்வெண் 0.7 மடங்குக்கு வந்துடும், காலியில 34 ஹெர்ட்ஸ் இருந்தது நிறைஞ்சா 24. கரெக்டா மோட்டார் வேகம். அதனால தட்டிப் பாக்குற டெஸ்ட்டை காலியா ஒரு தடவை, நிறைச்சு ஒரு தடவை பண்ணணும். என்னைக் கேட்டா ஹாப்பரை மிஷின் ஸ்டாண்டுல தொங்க விடாம அதுக்குத் தனியா கால் போட்டு, நடுவுல ஒரு கேன்வாஸ் துணி இணைப்பு வச்சிடுறதுதான் நிம்மதி.

வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ்) போட்டிருக்கோம், எந்த ஸ்பீடுக்கு கணக்கு பாக்குறது?

அதிகபட்ச வேகத்துக்கு. ஸ்டாண்டு அதுக்கும் மேல 1.4 மடங்குல இருந்தா கீழ எந்த வேகத்துல ஓட்டினாலும் ஓடுற வேகத்தோட உதையைப் பத்தி கவலை இல்ல. அப்படி இல்லைன்னா டிரைவ்ல ஸ்கிப் ஃப்ரீக்வென்சின்னு ஒரு செட்டிங் இருக்கும், ஆடுற இடத்தை அதுல போட்டுட்டா அந்த வேகத்துல நிக்காம தாண்டிப் போயிடும். ஒண்ணு மட்டும் கவனம், டிரைவ்ல காட்டுற ஹெர்ட்ஸ் கரண்டோடது. நாலு போல் மோட்டார்ல டிரைவ் 40 காட்டினா ஷாஃப்ட் 20-க்கும் கொஞ்சம் கீழதான் சுத்துது. பெல்ட்டு இருந்தா அதுவும் மாறும்.

பழைய வீட்டை ஹோட்டலா மாத்தியிருக்கோம், மாடியில கிச்சன் எக்ஸாஸ்ட் ப்ளோயர். ஸ்டாண்டு அசையல, வீடே ஊம்ங்குது.

மாடித் தளமும் ஒரு ஸ்பிரிங்குதான், அதுவும் தேக்கு உத்திரத்து மேல போட்ட பழைய தளம்னா இன்னும் இளகல். ஸ்டாண்டு மட்டும் 40 ஹெர்ட்ஸ், அந்த எடையோட தளம் மட்டும் 25 ஹெர்ட்ஸ்னு வச்சுக்குங்க, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு சேரும்போது 21-க்கு இறங்கிடும், தனித்தனியா இருந்த ரெண்டையும்விடக் கீழ. இங்க ஸ்டாண்டை எவ்வளவு விறைப்பா கட்டினாலும் தளத்தோட 25-ஐத் தாண்டவே முடியாது.

உத்திரத்து நடுவுல வைக்காதீங்க. ரெண்டு சுவத்துல உக்கார்ற மாதிரி பெட்டி பீம் போட்டு தளத்தைத் தொடாம அது மேல ப்ளோயரை வைங்க, அதோட 4 மி.மீ.க்குக் குறையாம அமுங்குற ஸ்பிரிங் மவுண்டு. முடிஞ்சா பின்கட்டுல தரையிலயே வச்சு டக்ட்டை மேல கொண்டுபோறது இதை எல்லாத்தையும்விட உத்தமம், நூறு வருஷத்துச் சுண்ணாம்புப் பூச்சுல விரிசல் விழுந்தா திரும்ப அதே மாதிரி பூச கொத்தனார் கிடைக்கிறது கஷ்டம்.

பைப்புக்குள்ள மணல் ரொப்பினா ஆட்டம் குறையும்ங்கிறாங்களே?

குறையும், ரெசொனன்ஸ்ல இருந்தா. மணல் துகள் ஒண்ணோட ஒண்ணு உரசி ஆட்டத்தை உறிஞ்சும். ஆனா எடையும் கூடுது, அதிர்வெண் கொஞ்சம் இறங்கும், அதனால ஹாப்பர் கேள்வியில சொன்ன ஆபத்து இங்கயும் உண்டு. காய்ஞ்ச மணலா போட்டு ரெண்டு முனையையும் அடைச்சிடுங்க, ஈரமா போட்டா உள்ள துரு தின்னுடும். வெல்டிங் பாக்கி இருந்தா முதல்ல அதை முடிச்சுடுங்க.

எத்தனை மி.மீ./செகண்டு வரைக்கும் விடலாம்?

15 கிலோவாட்டுல இருந்து 300 வரைக்கும் உள்ள மிஷினுக்கு மிஷின் அதிர்வுக்கான உலகத் தர விதி ஐ.எஸ்.ஓ. 10816 மூணாம் பாகத்துல சொன்னது, இப்ப அதையே 20816-ன்னு மாத்தியிருக்காங்க: விறைப்பான அடித்தளத்துல பேரிங் மேல 2.8 வரைக்கும் தொடர்ந்து ஓட்டலாம், 4.5 தாண்டினா நிறுத்திப் பாக்கணும். இளகலான அடித்தளத்துக்கு 4.5, 7.1. எல்லாமே ஆர்.எம்.எஸ். கணக்கு, அதாவது உச்சத்தை இல்லாம ஒரு வகை சராசரியை எடுக்குறது. புதுசா நிறுத்தின அன்னிக்கே மூணு திசையிலயும் அளந்து கதவுக்குப் பின்னால சாக்பீஸ்ல இல்ல, பெயிண்ட்ல எழுதி வைங்க. பின்னால ஏறினா ஸ்டாண்டு மாறிடுச்சா பேரிங் போயிடுச்சான்னு பிரிச்சுப் பாக்க அந்த நம்பர்தான் உதவும்.

ஒரே ஸ்டாண்டுல ரெண்டு ப்ளோயர், ஆட்டம் கூடிக் குறைஞ்சு கூடிக் குறைஞ்சு வருது. இதுவும் ரெசொனன்ஸா?

ரெண்டு மோட்டாரும் பேருக்கு ஒரே ஸ்பீடுதான், ஆனா லோடைப் பொறுத்து ஒண்ணு 1440, ஒண்ணு 1452 ஓடும். நிமிஷத்துக்கு 12 வித்தியாசம், அதனால அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை ரெண்டு உதையும் சேர்ந்து ஏறும், நடுவுல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு இறங்கும். ஏறி இறங்குறது மட்டும் ரெசொனன்ஸ் கிடையாது. ஒண்ணை நிறுத்திட்டு இன்னொண்ணை மட்டும் ஓட்டி அளங்க, அப்புறம் மாத்தி அளங்க. தனியா ஓடும்போதும் 4.5-ஐத் தாண்டுதுன்னா சுத்தியலும் போனும் எடுத்து நாலாவது கேள்வியில இருந்து ஆரம்பிங்க. தனியா நல்லா இருந்து சேர்ந்தா மட்டும் எகிறுதுன்னா ரெண்டு இம்பெல்லரையும் கழுவி பேலன்ஸ் பண்ணுங்க, அடுத்த தடவை ஸ்டாண்டு அடிக்கும்போது ரெண்டையும் தனித்தனிக் கால்ல நிறுத்துங்க.